ஆறு பேருக்கும் ஒரே அளவு

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய அண்ணன் அவர்களுக்கு, உங்கள் ஒரே தங்கை வணங்கி எழுதுவது.

இங்கே நாங்கள் ஐந்து பேரும் நலமாக இருக்கிறோம். நலமாக இருப்பதற்கு முதல் காரணம் நீங்கள் இங்கே இல்லாதது, இரண்டாவது காரணம் என் கையில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்துவிட்டது. அங்கே உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, தூக்கம் வருகிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்றெல்லாம் கேட்பது முறை, கேட்டுவிட்டேன். என் எழுத்து சில இடங்களில் கோணலாக இருக்கும், அது மணிக்கட்டினால். சில இடங்களில் பேனா தாளைக் கிழித்திருக்கும், அது உங்களால்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. விடுதிக்குப் புது வார்டன் வந்துவிட்டார், வார்டன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நீங்கள் இருந்துவந்த அறையை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், ஆகையால் 'அடுத்த மாதம் முதல் உங்கள் இல்லத்திலேயே நிரந்தரமாகத் தங்குவதென முடிவு செய்துள்ளேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். வரட்டுமா என்று கேட்கவில்லை. முடிவு செய்துள்ளீர்கள். போதாததற்கு 'திருத்தப்பட்ட இல்ல ஒழுங்குமுறைகள்' என்று தனியாக ஒரு தாள் வேறு. அதில் இனிமேல் விசிலுக்குப் பதிலாக மணி அடிக்கப்படும் என்று எங்களுக்குச் சலுகை காட்டியிருக்கிறீர்கள். அண்ணா, என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வர வேண்டாம். காரணம் கேட்காமல் எந்தப் பையனுக்கும் விடுமுறை கொடுக்காதவர் நீங்கள், என்னிடமும் காரணம் கேட்பீர்கள். சொல்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

நான் மாடிப்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன் என்று கேள்விப்பட்டதும், யாரும் கூப்பிடாமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. வந்த அன்றே பாத்திரம் கழுவினீர்கள், துணி துவைத்தீர்கள், எனக்குத் தலைகூட வாரிவிட்டீர்கள்; விடுதிப் பையன்களுக்கு வாருகிற மாதிரி வகிடு எடுத்துப் படிய வாரினீர்கள், இருந்தாலும் நான் வாய் திறக்கவில்லை. எங்க அண்ணன் மாதிரி யாருக்கும் கிடைக்காது என்று தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமை மறுநாள் விடியும் வரை இருந்தது. சரியாக வெளிச்சம்கூட வரவில்லை, கூடத்தின் நடுவில் நின்று விசில் ஊதினீர்கள் பாருங்கள், எனக்கு ஒடிந்த கை இன்னொரு தடவை ஒடிந்த மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரருக்கு, உங்கள் மாப்பிள்ளைக்கு, லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை, அதுவும் இரவு வேலை, ஊர் எழுந்திருக்கிற நேரத்தில்தான் அவர் வந்து படுப்பார் என்று முதல் நாளே உங்களிடம் சொன்னேன். "எல்லாரும் எந்திரிக்கிற நேரத்துல ஒருத்தர் தூங்கினா மத்தவங்களுக்கும் அதே பழக்கம் வந்துடும்மா" என்றீர்கள். அந்த மனுஷன் அப்போதுதான் கண்ணை மூடியிருக்கிறார், காதுக்குப் பக்கத்தில் விசில். எங்கேயோ லிஃப்ட்டில் அபாய மணி அடிக்கிறது என்று அரைத் தூக்கத்தில் எழுந்தவர், நேரே போய் என் துணி அலமாரியின் கதவு இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து, "பயப்படாதீங்க, வந்துட்டேன், உள்ள எத்தனை பேர் இருக்கீங்க" என்று கேட்கிறார். பூட்டே இல்லாத அலமாரி அது, இழுத்தால் திறக்கும். கீல் இரண்டும் பெயர்ந்து கதவு அவர் கால் மேலேயே விழுந்தது. நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, "பாத்தியா, நல்லா சுறுசுறுப்பாத்தான் எந்திரிக்கிறார்" என்றீர்கள். அன்று சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். இன்று இரண்டும் வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

அப்புறம் அந்த வருகைப் பதிவு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நேரம் வீணாகிறதாம், ஆளுக்கு ஓர் எண் கொடுத்தீர்கள். என் மாமனார் ஒன்று, உங்கள் மாப்பிள்ளை இரண்டு, நான் மூன்று, பெரியவள் நான்கு, சின்னவன் ஐந்து. என் வீட்டுக் கூடத்தில், என் புருஷனுக்குப் பின்னால் வரிசையில் நின்று, "மூணு, உள்ளேன் ஐயா" என்று நான் சொன்ன கேவலத்தை யாரிடம் போய்ச் சொல்வேன். தைக்கக் கொடுத்ததை வாங்க வந்த ஒரு வாடிக்கையாளர் அம்மா வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா, எல்லாரையும் நிக்க வெச்சிருக்காரு, ஏதாவது காணாமப் போச்சா" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம், மானம் போய்விட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. மாமனாரைப் பாருங்கள், எண்பதை நெருங்குகிற மனிதர், சீவுவதற்கு ஒரு முடியும் இல்லாத தலையைச் சீவிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பார். அவ்வளவு பயம் உங்களிடம்.

அவர் சாப்பாட்டில் நீங்கள் கை வைத்ததைச் சொல்கிறேன். வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து அவரால் மொத்தமாகச் சாப்பிட முடியாது; பசித்தால் அடுப்படிக்குப் போய் இரண்டு வாய், அப்புறம் ஒரு தூக்கம், அப்புறம் இன்னும் இரண்டு வாய். அதற்கென்று மூடி போட்ட பாத்திரம் ஒன்று எப்போதும் அங்கே இருக்கும், அவர் பாட்டுக்கு வருவார், சாப்பிடுவார், போவார், யாரும் என்ன ஏது என்று கேட்க மாட்டோம். நீங்கள் வந்தீர்கள், மூன்று வேளை என்றீர்கள், ஒரே நேரம், ஒரே மாதிரித் தட்டு, ஒரே கரண்டி அளவு. ஓடியாடுகிற சின்னவனுக்கும் பாதி வயிறு இல்லாத பெரியவருக்கும் ஒரே அளவா? "மிச்சம் வைக்கக் கூடாதுய்யா" என்று பக்கத்திலேயே நின்றீர்கள். பாவம், அவர் என்ன செய்வார், நீங்கள் தண்ணீர் எடுக்கத் திரும்பினால் பாதி ரொட்டியை என் தையல் மெஷின் இழுப்பறைக்குள் தள்ளிவிடுவார். எறும்பு வந்தது. வந்த எறும்பு இழுப்பறையோடு நின்றதா, பக்கத்தில் தொங்கிய வங்கி அதிகாரியின் கோட்டுக்குள் போய்க் குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டது. அந்த அதிகாரிக்கு ஒரு தோள் தாழ்வு, அது வெளியே தெரியாமல் தைத்துக்கொடுக்க என்னைத் தேடி வருகிறவர், கை ஒடிவதற்கு முன்பே முடித்து மாட்டி வைத்திருந்தேன். பதவி உயர்வு நேர்காணலுக்கு அதைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். கேள்வி கேட்கிறவர்கள் முன்னால் தோளைக் குலுக்கி, முதுகை நாற்காலியில் தேய்த்து, கடைசியில் கோட்டைக் கழற்றி மேஜை மேலேயே உதறியிருக்கிறார். கோட்டை என்னிடம் திருப்பிக் கொண்டுவந்தார். உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார், போய்விட்டார். இனி அவர் எந்தத் தோளோடு எங்கே போவாரோ தெரியாது.

பெரியவள் மருந்தாளுநர் படிப்புக்கான பரீட்சைக்குப் படிக்கிறாள். அவளுக்கு நடந்தால்தான் மண்டைக்குள் ஏறும். அடுப்படியிலிருந்து வாசல் வரை நடந்துகொண்டு, சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டு படிப்பாள். சின்னவன் நேர்மாறு, அவனுக்கு ஒரு சின்னச் சத்தமும் கூடாது. அதனால் அவள் பின்பக்கம் நடக்க, இவன் முன்னறையில் கதவைச் சாத்திக்கொள்ள என்று இரண்டும் தங்களுக்குள்ளேயே பேசி முடித்து வைத்திருந்தன. நீங்கள் இரண்டையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, வாயைத் திறக்கக் கூடாது, படிப்பு நேரம் என்றீர்கள். அவள் வாய்மூடிப் புத்தகத்தை முறைத்துப் பார்த்து நாலு நாளில் படித்ததையும் மறந்தாள். கடைசியில் குளியலறைக்குள் போய், சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, மாத்திரைப் பெயர்களை ஒப்பிக்கத் தொடங்கினாள். தொட்டித் தண்ணீர் முழுக்கப் போனது. மாடியில் வீட்டு உரிமையாளர் தலை நிறையச் சோப்போடு குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, கண்ணைத் திறக்க முடியாமல், இடுப்பில் துண்டோடு சுவரைத் தடவித் தடவி இறங்கி வந்தார். அவர் எங்கள் கூடத்துக்குள் நுழைந்த நேரம் உங்கள் வருகைப் பதிவு நேரம். "தாமதமா வந்தா கடைசியில நில்லு" என்றீர்கள். அண்ணா, அவர் நின்றார். சொந்த வீட்டில், வாடகைக்காரர்கள் வரிசையில், ஆறாவது ஆளாக நின்றார். உங்கள் குரல் அப்படி. எங்கள் மேல் அவர் வைத்திருந்த மதிப்பு அன்றோடு சரி.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பைஜாமாவை எப்படிப் பொறுப்பேன். துவைத்த பிறகு எது யாருடையது என்று பிரிப்பது சிரமமாக இருக்கிறது என்று மொத்தக் கடைக்குப் போய், எங்கள் ஐந்து பேருக்கும் உங்களுக்கும் சேர்த்து, ஒரே நிறத்தில் ஒரே அளவில் ஆறு இரவு உடை வாங்கி வந்தீர்கள். "ஃப்ரீ சைஸாம்மா, யாருக்கும் பொருந்துமாம்" என்று என்னிடமே சொன்னீர்கள். என்னிடம். நான் யார்? கடையில் வாங்கிய துணி தனக்குப் பொருந்தவில்லை என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களால் பிழைக்கிறவள். எல்லோருக்கும் எல்லாம் பொருந்துமென்றால் நான் எப்போதோ பட்டினி கிடந்திருப்பேன். இத்தனை வருஷத்தில் இரண்டு கையும் ஒரே நீளமாக இருக்கிற ஓர் ஆளை நான் அளந்ததில்லை, ஒரே ஆளின் இரண்டு கையே ஒத்துப்போகவில்லை, நீங்கள் ஆறு பேரை ஒரே பைக்குள் போட வந்துவிட்டீர்கள். உங்கள் மாப்பிள்ளை செருப்பைத் தேடிக் குனிந்தார், பின்பக்கத் தையல் மேலிருந்து கீழே வரை விட்டுக்கொடுத்தது. சின்னவன் போட்டுக்கொண்டபோது பையனைக் காணோம், சட்டை மட்டும் தனியாக நடந்து வந்தது. மாமனார் கால் மடிப்பை மிதித்து ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்குக் கை மட்டும் சரியாக இருந்திருந்தால் அன்றைக்கே ஆறையும் பிரித்து மேய்ந்திருப்பேன். உங்களுக்கே அது பொருந்தவில்லை, வயிற்றுப் பக்கம் பொத்தான் சேரவில்லை, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உங்களுக்காவது பெருசா ஒண்ணு வாங்கியிருக்கக் கூடாதாண்ணா என்று கேட்டேன். "ரூல்னா எனக்கும் சேத்துத்தாம்மா" என்றீர்கள், என்னவோ பெரிய நியாயம் சொல்வதுபோல. பொருந்தாததை எல்லோரும் சேர்ந்து போட்டுக்கொண்டால் அது பொருந்திவிடுமா?

இனி எழுதப்போவதில் சிரிக்க ஒன்றும் இல்லை. வீட்டு ஆண்கள் மூவரையும் முடிவெட்டக் கூட்டிக்கொண்டு போனீர்கள். எல்லோருக்கும் மெஷினை வைத்து ஒட்ட வெட்டும் விடுதி வெட்டு. மாமனார் தலையைப் பார்த்து, "இதுல எதை சார் வெட்டறது" என்று கடைக்காரர் கேட்டாராம், "ஒரு ஓட்டு ஓட்டிடுப்பா, விட்டுப்போச்சுன்னு இருக்கக் கூடாது" என்றீர்களாம். அது போகட்டும். சின்னவனுக்கு அந்த மெஷின் சத்தம் ஆகாது. மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போகிற பிள்ளை அவன். அடம் இல்லை, செல்லம் இல்லை, அவன் காது அப்படி, அந்தச் சத்தம் அவனுக்கு உடம்பு முழுக்க வலிக்கும். அதனால்தான் அவன் சொக்கி உட்கார்ந்திருக்கிற நேரமாகப் பார்த்து நானே கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவிடுவேன். இதையும் உங்களிடம் சொல்லியிருந்தேன். நீங்கள் அவன் இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டீர்கள். அவன் எப்படியோ திமிறிக்கொண்டு, பாதித் தலை வெட்டி பாதித் தலை வெட்டாமல், கழுத்தில் கட்டிய துணியோடு தெருவில் ஓடி வந்து, என் தையல் மேஜைக்கு அடியில் துண்டுத் துணிக் குவியலுக்குள் போய்ப் புகுந்துகொண்டான். பொழுது சாயும்வரை எவ்வளவு கூப்பிட்டும் வெளியே வரவில்லை. நீங்கள் பின்னாலேயே வந்து, "ஐநூறு பசங்கள வளத்திருக்கேன், இப்படி ஒருத்தனப் பாத்ததில்ல" என்றீர்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஐநூறு பேரில் ஒருத்தன்கூடக் காதைப் பொத்திக்கொள்ளவில்லையா, இல்லை, பொத்திக்கொண்டதை நீங்கள் பார்க்கவில்லையா? அன்று கேட்கவில்லை, கை ஒடிந்து உங்கள் தயவில் உட்கார்ந்திருந்தேன். இன்று கேட்கிறேன்.

கேட் பூட்டிய கதையோடு முடித்துக்கொள்கிறேன். சாப்பாடு முடிந்ததும் வாசல் கேட்டைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வது உங்கள் விடுதி வழக்கம். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுப்பது இன்னொரு வழக்கம். விசில் எங்களுக்கு, பஞ்சு உங்களுக்கு. சாப்பிட்ட பிறகுதான் உங்கள் மாப்பிள்ளை வேலைக்கே கிளம்புவார் என்பது உங்கள் ஒழுங்குமுறையில் இல்லை. நீங்கள் படுத்திருந்த முன்னறைக் கதவைத் தட்டினோம், இடித்தோம், சின்னவனைவிட்டு ஜன்னல் வழியாகக் கூப்பிடச் சொன்னோம், அசையவில்லை. கடைசியில் அவர் கருவிப் பையோடு மதில் ஏறிக் குதித்து, கணுக்காலைப் பிசக்கிக்கொண்டு, நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அங்கே ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, இந்தத் தடவை நிஜ லிஃப்ட், நிஜ ஆட்கள். இவரைக் காணாமல் இவருடைய மேற்பார்வையாளர் தானே சரிசெய்யப் போய், அவரும் சேர்ந்து உள்ளே மாட்டிக்கொண்டாராம். கதவைத் திறந்ததும் அவர் முதலில் பார்த்தது நொண்டிக்கொண்டு நிற்கிற உங்கள் மாப்பிள்ளையை. "எங்கய்யா போன" என்றதற்கு, "எங்க மச்சான் வெச்சுப் பூட்டிட்டார் சார்" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். யார் நம்புவார்கள்? குடித்திருக்கிறாயா, வாயை ஊது என்றாராம்.

மறுநாள் காலை நான் கத்தினேன். ஆமாம், கத்தினேன். "இது வீடுண்ணா, விடுதி இல்ல, இங்க யாரையும் யாரும் கொண்டுவந்து சேர்த்துவிடல" என்றேன். பைஜாமாவை மடித்துக் கட்டிலில் வைத்தீர்கள், பெட்டியை எடுத்துக்கொண்டீர்கள், போகிற போக்கில் வாசலைக் கூட்டிக்கூட விட்டுப் போனீர்கள். காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

'எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தியது என் குற்றமா' என்று உங்கள் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், குற்றம்தான். எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்வதற்குப் பெயர் நியாயம் இல்லை அண்ணா, அது செய்கிறவருக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான். ஒவ்வொரு முகமாகப் பார்க்க வேண்டாம் பாருங்கள். நீங்கள் போன பிறகு எங்கள் வீடு பழையபடி வீடாகிவிட்டது. உங்கள் மாப்பிள்ளை உச்சி வெயில் வரை தூங்குகிறார். பெரியவள் பின்பக்கம் நடக்கிறாள், சின்னவன் கதவைச் சாத்திக்கொள்கிறான், மாமனாருக்கு அவர் பாத்திரம், எனக்கு என் மெஷின். அவரவர் பசிக்கு அவரவர் சாப்பிடுகிறோம். ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்வதே இல்லை. காலையிலிருந்து படுக்கும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத நாள்கூட உண்டு, அவ்வளவு நிம்மதி. இதைக் கெடுக்க நான் யாரையும் விட மாட்டேன், உடன்பிறந்தவராக இருந்தாலும். உங்களைப் போல் மணி அடித்துச் சாப்பிடப் பிரியப்படுகிறவர்கள் இருக்கிற முதியோர் இல்லம் எங்காவது இருக்கும், விசாரித்துச் சேர்ந்துகொள்ளுங்கள். அங்கே மணி அடிப்பவர் வேறு ஒருவராக இருப்பார். அதுவும் உங்களுக்கு நல்லதுதான்.

பெரியவர் நீங்கள், அதிகமாக ஏதாவது எழுதியிருந்தால் மன்னிக்கும்படி கேட்பது வழக்கம். நான் கேட்கவில்லை, யோசித்துத்தான் எழுதினேன். பிள்ளைகள் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொல்லவில்லை, முறைக்காக நானே எழுதுகிறேன். உங்கள் உடம்பும் மனமும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். எங்களுக்கான ஆசியை அங்கிருந்தபடியே அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
மூன்றாம் எண் அல்லாத,
உங்கள் அன்புத் தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை முடித்து, உறையில் போடுவதற்கு முன் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டினேன். அலமாரிக் கதை வந்தபோது உங்கள் மாப்பிள்ளையே சிரித்தார். பெரியவள், "செமயா எழுதியிருக்கம்மா" என்றாள். மாமனார் மட்டும் பாதியில் எழுந்து போய்விட்டார். முதியோர் இல்லம் என்று படித்ததும் எழுந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் அறையிலிருந்து தரையைக் கீறுகிற சத்தம். போய்ப் பார்த்தால், இந்த வயதில், தனியாகக் கட்டிலை இழுத்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"இன்னொரு கட்டில் போட இடம் பாக்கிறேம்மா. உங்கண்ணனுக்கு."

"அவர் உங்கள என்ன பாடு படுத்தினாருன்னு இப்பத்தான படிச்சேன்."

"படுத்தினாரு. எனக்கு அவ்வளவு சாப்பாடு ஒத்துக்காது, அவர்கிட்ட சொல்லணும். ஆனா நான் சாப்பிட்டேனா இல்லையான்னு பக்கத்துல நின்னு பாத்தாரும்மா. இங்க எல்லாருக்கும் அவங்கவங்க நேரம். என் நேரத்துல அடுப்படியில நான் மட்டும்தான் நிக்கிறேன். மூடியத் திறந்து, மூடி வெச்சுட்டு வரேன்." கட்டிலின் இன்னொரு முனையைப் பிடிக்கச் சொன்னார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் மேலா, அவர் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. இவ்வளவு பக்கம் எழுதிய ஒருத்திக்கு அது தெரியவில்லை. பிடித்தேன்.

மேலே எழுதியதைக் கிழிக்கப் போவதில்லை, அத்தனையும் உண்மை, படித்துவிட்டு வாருங்கள். ஆனால் வாருங்கள். ஒழுங்குமுறைத் தாளை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், இங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. உங்கள் மாப்பிள்ளை, மச்சானுக்கு எது வேண்டுமானாலும் கொடு, சாவியை மட்டும் கொடுக்காதே என்கிறார். சின்னவன், தலையைத் தொடக் கூடாது என்கிறான். நீங்கள் முதலில் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெரியவள், தன்கூட நடந்துகொண்டே கேள்வி கேட்க ஆள் வேண்டும் என்கிறாள். முழங்கால் விட்டவரை நடந்தால் போதும். மாமனாரின் ஆறு வேளையில் ஒன்றிரண்டுக்காவது நாங்கள் கூட உட்காருவதாகப் பேசியிருக்கிறோம், மீதிக்கு நீங்கள். என் பங்குக்கு ஒன்று செய்துவிட்டேன், உங்கள் பைஜாமாவை வயிற்றுப் பக்கம் பிரித்து விட்டுத் தைத்திருக்கிறேன். கண்ணளவில் செய்தது, வந்தால் அளந்து சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்று. உங்களுக்குக் கட்டில் ஜன்னல் பக்கம் வேண்டுமா, சுவர் பக்கம் வேண்டுமா என்று மாமனார் கேட்கச் சொன்னார். எத்தனையோ பையன்களுக்குக் கட்டில் ஒதுக்கிக் கொடுத்தீர்கள், உங்களிடம் இதை யாராவது கேட்டார்களா என்று தெரியவில்லை. கூடப் பிறந்தவள், எனக்கே உங்களுக்கு எது பிடிக்கும் என்று தெரியவில்லை. யோசித்துச் சொல்லுங்கள். நீங்கள் படுத்திருந்த கட்டிலையும் அவர் அறைக்குக் கொண்டுவந்துவிட்டோம்; பதில் வரும்வரை இரண்டு கட்டிலும் அறை நடுவில்தான் கிடக்கும், போகிறவர் வருகிறவர் எல்லோரும் இடித்துக்கொள்கிறோம், சீக்கிரம் எழுதுங்கள்.